ஓர் இழுப்பில் விரியும் மடிப்பு

மூக்குக்கண்ணாடி துடைத்த துணியைக் கேப்டன் அப்படியே போட்டுவிட மாட்டார். நான்காக மடித்து, இறுகச் சுருட்டி, ஒரு நூலால் சுருக்கு முடிச்சுப் போட்டுத்தான் மேசை இழுப்பறையில் வைப்பார். நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் துணி முழுதும் விரிந்துவிடும். சாரணர் கொடியைக் கம்பத்தில் ஏற்றுவதற்கு முன்னால் மடிக்கிற மடிப்பு அது. சாரணர் படையை நடத்தும் பெண் என்பதால் எல்லோருக்கும் அவர் கேப்டன்தான். வீட்டில் துண்டுக்கும் போர்வைக்கும் அதே கதிதான்.

"அவசரத்துக்குத் துண்ட எடுத்தா உருண்டையா கைக்கு வருது. நான் தலை துவட்டணுமா, சல்யூட் அடிக்கணுமா?" என்பார் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் அவர் கணவர்.

"ரெண்டு கை இருக்குல்ல, ரெண்டையும் செய்யுங்க" என்பார் கேப்டன், தலை நிமிராமல்.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது கேப்டனின் வேலை. நகக்கண்களில் எப்போதும் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். ஒருமுறை வில்லையின் ஓரம் லேசாகத் தெறித்துவிட்டது. சட்டத்துக்குள் போனால் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. கேப்டன் அதை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், "என் கைத்தப்புங்க, நாளைக்கு வேற போட்டுத் தரேன்" என்று வாடிக்கையாளரிடமே சொல்லிவிட்டார். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார்.

பத்தொன்பது வருடங்களாகச் சனிக்கிழமை நாலு மணிக்குத் தபால் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பள்ளி மைதானத்தில் அவருடைய சாரணர் படை கூடியது. போன வருடம் மண்டலக் குழுவிலிருந்து சுற்றறிக்கை வந்தது. இருபது பிள்ளைகளுக்குக் குறைவாக உள்ள படைகளைக் கலைத்து, நகரின் மறுகோடியில் இருக்கும் பெரிய படையோடு சேர்த்துவிடுவார்களாம். அங்கே போக இரண்டு பேருந்து மாற வேண்டும். மற்ற படைகளை நடத்துகிறவர்கள் ஊரைவிட்டுப் போன பிள்ளைகளையும், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையையும்கூடச் சேர்த்து எழுதி இருபதை நிரப்பினார்கள். கேப்டன் படிவத்தில் பதினொன்று என்று எழுதினார்.

மண்டலச் செயலாளரே தொலைபேசியில் கூப்பிட்டார். "கேப்டன், இன்னும் ஒம்பது பேரு எழுதி அனுப்புங்க. யாரு வந்து எண்ணப் போறா? உங்க அண்ணன் பசங்க இல்லையா?"

"அவங்க கூடாரத்துல படுக்க மாட்டாங்க சார். ஏசி வேணும்."

"படுக்கவே வேணாம்மா, பேரு இருந்தாப் போதும்!"

"நம்ம முதல் விதியே சாரணர் நம்பத்தகுந்தவர்ங்கறதுதான். அத அந்தப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தவ நான்."

 "உங்களோட முடியாது" என்று செயலாளர் போனை வைத்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை வந்து பாருங்கள் என்று மண்டலக் குழுவுக்கு மூன்று கடிதம் போட்டார் கேப்டன். யாரும் வரவில்லை. படை கலைக்கப்பட்டது, கொடியை ஒப்படைக்கவும் என்று இரண்டே வரியில் பதில் வந்தது. பதினொரு பேரில் இரண்டு பேருந்து மாறிப் போனது இருவர்தான்.

இப்போதும் விசில் கழுத்தில்தான் தொங்குகிறது. சனிக்கிழமை நாலு மணிக்கு அவர் கை தானாகத் தேய்ப்பு இயந்திரத்தை நிறுத்திவிடுகிறது. "நாலாச்சா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டுவிட்டு மறுபடி ஓடவிடுகிறார். வீட்டுக்குப் போக மைதானத்தை ஒட்டிப் போகும் பேருந்தில் ஏறுகிறார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் கம்பம் தெரியும்.

"அது சுத்துவழியாச்சே" என்றார் கணவர்.

"உக்கார இடம் கிடைக்குது."

"ஒம்பது பேரு எழுதித் தொலைச்சிருந்தா என்ன? இப்படி ஏங்கிக் கிடக்க வேணாமில்ல?"

"எழுதியிருக்கலாங்க. எழுதிட்டு அந்தப் பதினொரு முகத்த எப்படிப் பாக்கறது?" என்றார் கேப்டன். கணவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

போன புதன்கிழமை கொடியை வாங்கிப்போகச் செயலாளரே கடைக்கு வந்துவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கேப்டன் மேசையில் இருந்த பொடியை இரண்டு முறை துடைத்துவிட்டுக் கொடியை விரித்தார். ஓரத்தில் ஒரு கிழிசலைப் பிள்ளைகள் கோணல்மாணலாகத் தைத்திருந்தார்கள். அதை விரலால் நீவிவிட்டார்.

"சும்மா மடிச்சுக் குடுங்க போதும். அலமாரிலதான் இருக்கப் போகுது" என்றார் செயலாளர், சுவரில் கண் பரிசோதிக்க மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தபடி.

கேப்டன் நான்காக மடித்தார். இறுகச் சுருட்டினார். கயிற்றைச் சுற்றிச் சுருக்கு முடிச்சுப் போட்டு, கம்பத்தின் உச்சியில் ஓர் இழுப்பில் அவிழுமா என்று நுனியை மெல்ல ஆட்டிப் பார்த்துவிட்டு, கொடியை அவரிடம் நீட்டினார்.