கொட்டிச் செடிக்கு நடந்த வாக்கெடுப்பு

புரட்டாசி கடைசி ஞாயிறு, தஞ்சாவூரின் விளிம்பில் உள்ள எங்கள் நகர் நலச்சங்கத்தில், ஒரு செடி எந்த ஊர் என்பதைக் கைதூக்கி முடிவு செய்தார்கள். தெருக்கோடிக் குளத்தில் மறுநாள் காலை பொக்லைன் இறங்குவதாக ஏற்பாடு. குளத்தை மூடியிருப்பது ஆகாயத்தாமரை, வழித்து எடுத்துவிட வேண்டும் என்பது தலைவரின் கட்சி. அவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். தெருவிளக்கின் நிறம் முதல் பிள்ளையார் சதுர்த்திக்கு என்ன சுண்டல் என்பது வரை இங்கே எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்புதான்.

அது கொட்டி என்றேன். ஆவணியில் வாய்க்கால் தண்ணீர் வந்து குளம் நிறைந்த அதே வாரம் அதன் முதல் இலை மேலே வந்ததைப் பார்த்தவன் நான். ஆகாயத்தாமரை கடல் கடந்து வந்தது. காம்பு காற்றடைத்து உப்பியிருக்கும், வேரோடு மிதந்து அலையும். கொட்டி இந்த மண்ணுக்கே உரியது. சேற்றில் கிழங்கு ஊன்றி நிற்கும், நீண்ட இலை மட்டும் மிதக்கும். இரண்டையும் ஒரு வாளியில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன்.

"பூ ஊதாவா இருக்கே சார்" என்றார் பொருளாளர். "ஆகாயத்தாமரையும் ஊதாதான்."

"கத்தரிப்பூவும் ஊதாதாங்க" என்றேன்.

"கத்தரி இன்னைக்கு அஜெண்டாவுல இல்லீங்க" என்றார் தலைவர். "இது வெளியூர்ச் செடிங்கிறவங்க கை தூக்குங்க."

என் கையைத் தவிர எல்லாக் கைகளும் எழுந்தன. அப்போதுதான் உள்ளே நுழைந்த ஒருவர், என்ன விஷயம் என்று கேட்காமலே இரண்டு கைகளையும் தூக்கினார்.

பொக்லைன் வாரினால் கிழங்கும் சேர்ந்து போய்விடும். நிழல் இல்லாமல் வெயில் நேரே விழுந்து, தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகும். இதைச் சொன்னேன், யாரும் அசையவில்லை. கடைசியாக, அந்த இலைகளுக்கு அடியில்தான் விரால் குஞ்சு பொரித்துக் காவல் நிற்கிறது, காலையில்கூடக் குஞ்சுகள் சிவப்பாக மொய்த்துக்கொண்டிருந்தன என்றேன்.

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "விராலா?"

"விரால்தாங்க."

"கொழம்புக்கு எப்ப தேறும்?"

"பங்குனியில குளம் வத்துறப்ப ஓரளவு தேறிடுங்க."

பொருளாளர் வீட்டில் மட்டும் சைவம். பூவை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். "கிட்ட வச்சுப் பாத்தா அவ்வளவு ஊதாவும் இல்ல சார்" என்றார்.

மறு வாக்கெடுப்பில் கொட்டி ஏகமனதாக உள்ளூர்ச் செடியானது. தலைவர் அங்கேயே பொக்லைன்காரருக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு வராதீங்க. பங்குனி கடைசியில பேசிக்கலாம். அதுவரைக்கும் அது நம்ம ஊர்ச் செடிங்க."