குட்டியானையில் ஏறிய வயலின்

கச்சேரி மேடையில் பக்கவாத்தியம் வாசித்தே இருபது வருஷம் ஓடிவிட்டது. பாடுகிறவர் போகிற வழியிலேயே போய்ப் பழகிய கை. அதற்கு வேறு வழியும் பிடிபடுமா என்று பார்க்கத்தான் போன சித்திரையில் வயலினோடு சங்கரன்கோவிலுக்கு ரயில் ஏறினேன். நையாண்டி மேளத்தோடு ஒரு தடவையாவது வாசித்துவிட வேண்டும். வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

சென்னையிலிருந்து இரவு ரயில், காலையில் இறங்கிவிடலாம். மதியம் பிரியாணி. அதைச் சாப்பிடாமல் திரும்பினால் சங்கரன்கோவில் போனதாகவே கணக்கில்லை. பிறகு மேலநீலிதநல்லூர்ப் பக்கம் அம்மன் கோயில் திருவிழாவான கொடை நடக்கும் ஒரு கிராமத்துக்கு ஆட்டோ, 400 ரூபாய், அரை மணி நேரம். பஸ்ஸும் உண்டு, பொறுமை வேண்டும்.

மேளத்துக்குத் தலைமை, நாதஸ்வரம் வாசிக்கும் முருகேஸ்வரி அக்கா. போனிலேயே கறாராகச் சொல்லியிருந்தார்: "ஊர்வலத்துல வாசிங்க. சனத்துக்குப் புடிச்சா ஆடிக் கொடைக்கும் கூப்பிடுதேன். புடிக்கலைன்னா வருத்தப்படக் கூடாது." சரியென்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் முளைப்பாரி ஊர்வலம் கிளம்பும் நேரம். நாதஸ்வரத்துக்குச் சுருதி சேர்த்துவிட்டு, கோயில் வாசலில் சம்மணம் போட்டு, வயலின் தலையைக் காலில் ஊன்றித் தயாரானேன். மேளக்காரர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"என்னம்மா உக்காந்துட்டிய? நாங்க நடந்துகிட்டேல்லா வாசிக்கோம்" என்றார் அக்கா.

அப்போதுதான் உறைத்தது. கர்நாடக சங்கீதம் படித்த எங்களுக்குத் தரையில் உட்கார்ந்தால்தான் இடது கை ஓடும். ஊர்வலம் என்று தெரிந்தும் இது மண்டையில் ஏறவே இல்லை. எழுந்து நின்று முயன்றேன். வயலின் வழுக்கிக்கொண்டே போனது. இவ்வளவு தூரம் வந்து இப்படியா என்று கண் கலங்கிவிட்டது.

மைக்செட் ஏற்றிய குட்டியானை வண்டியின் டிரைவர் அண்ணாச்சிதான் கை கொடுத்தார். "பின்னால ஏறி உக்காருங்கம்மா. மேளத்துக்கு முன்னால மெதுவா உருட்டுதேன்."

ஜெனரேட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே, மேளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். முதல் தெருவில் தவில் சத்தத்தில் என் வாசிப்பு எனக்கே கேட்கவில்லை. பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது நான் கேட்காத கமகமெல்லாம் வந்தது. இரண்டாம் தெருவில் அக்கா ஒரு வரி வாசித்து நிறுத்தி, என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். வழக்கம்போல அதையே திருப்பி வாசிக்கப் போனேன். "அதையேவா? வேற குடுங்கம்மா!" என்று கத்தினார். குடுத்தேன். என்ன வாசித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. தவில்காரர் சிரித்துக்கொண்டே அடியை மாற்றினார்.

கடைசித் தெரு குறுகல், வண்டி போகாது. அவ்வளவுதான் என்று வயலினைப் பெட்டியில் வைத்தேன். அதற்குள் ஒரு வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிவந்து நடுத்தெருவில் போட்டார்கள். "இங்கன உக்காருங்க. பாதியில நிறுத்தினா எப்படி?" மேளம் என்னைச் சுற்றி நின்றது, கும்மியும் அங்கேயே. அந்தச் சந்தோஷம் எந்த மேடையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

போக நினைப்பவர்களுக்கு: சித்திரை, ஆடி கொடைக்காலம். தண்ணீர், தொப்பி, உபரித் தந்திகள் எடுத்துக்கொள்ளுங்கள். மேளக்காரர்களிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

புறப்படும்போது அக்கா சொன்னார்: "ஆடிக்கு வாங்க. ஆனா அது வேற ஊரு, எல்லாமே சந்து, கட்டிலும் போட முடியாது."

இப்போது தினமும் காலையில் மொட்டை மாடியில் வயலின் வாசித்தபடி நடக்கிறேன். நேற்று தண்ணீர்த் தொட்டி வரை வழுக்கவில்லை.