கார்பைடு டிரம்

தீவில், மரைன் ஹில் மேட்டின்மேல் இருந்த எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் மேட்டுக்குக் கீழேயிருந்துதான் வர வேண்டும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கவும் பெரிய பாத்திரம் இல்லை. வயிற்றுப் பிள்ளையோடு அம்மா குடம் சுமப்பதைப் பார்க்கப் பொறுக்காமல், சித்தப்பா ஒரு காலி டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார். வெல்டிங் கார்பைடு வந்த இரும்பு டிரம்; மூடியில் கையளவு ஓட்டை மட்டும் இருந்தது. அடியில் கொஞ்சம் தூள் மிச்சமிருந்தது. வழியில் மழை பட்டு, பூண்டு அழுகியதுபோல் நாறியது.

அப்பாவும் சித்தப்பாவும் தினமும் மோதிக்கொள்வார்கள். குழம்புக்கு உப்பு, பாய்க்கு இடம், ரேடியோவின் சத்தம் என்று எதற்கும் சண்டை. முட்டிக்கொண்டு விலகிப் போவார்கள். அதனால் ஒன்றும் மாறியதில்லை.

டிரம்மைப் படுக்கவைத்து, உருளாமலிருக்கச் சிறுவனாயிருந்த என்னை அதன்மேல் குதிரைபோல் உட்காரவைத்தார் சித்தப்பா. மூடித் தகட்டில் இரும்பு உளியை வைத்தார்.

“ரெண்டே அடி, அண்ணி. இனிமே தண்ணி வாசல்லயே நிக்கும். உங்க வீட்டுக்காரர் இத்தனை வருஷத்துல இதைச் செஞ்சாரா?”

அம்மா சிரித்தாள். ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்துகொண்டிருந்த அப்பா அந்த நாற்றம் மூக்கில் பட்டதும் ஓடிவந்தார். ஒரு கையால் என்னைக் கீழே இழுத்தார். மறு கையால் சித்தப்பாவை அறைந்தார்.

“பாகலாடா நீ? பைத்தியமா பிடிச்சிருக்கு?”

“ஒரு காலி டிரம்முக்காண்ணே என்னை அடிச்சே?”

அப்பா அவர் கையிலிருந்த உளியைப் பிடுங்கித் தூர எறிந்தார். அம்மா சுமந்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம், அது போதாமல் பக்கத்து வீட்டுக் குடங்களையும் வாங்கி, டிரம்மை நிமிர்த்தி, அந்த ஓட்டை வழியே நிரம்பி வழியும்வரை ஊற்றினார். மறுநாள் பித்தளை உளி கொண்டுவந்து அவரே மூடியை வெட்டினார். அதற்குள் சித்தப்பா வடக்குக் கோடியிலிருக்கும் திக்லிபூருக்குக் கப்பல் ஏறியிருந்தார். அவர் திரும்பி வரவே இல்லை.

சென்ற வருஷம் என் மகள் பாடம் படித்தாள். வாயுவின் மூலக்கூறுகள் ஓயாமல் ஒன்றோடொன்று மோதுமாம். பெரும்பாலான மோதலில் ஒன்றும் நடக்காதாம். ஓர் அளவுக்கு மேல் வேகம் உள்ளவை மோதினால்தான் பொருளே மாறுமாம். அந்த அளவுக்குக் கிளர்வு ஆற்றல் என்று பெயராம்.

“தண்ணி பட்டா கார்பைடுலேர்ந்து வர்ற கேஸும் காற்றும் கலந்து சும்மா கிடந்தா?” என்று கேட்டேன்.

“கிடக்கும்ப்பா. ஒரு பொறி பட்டாப் போதும். முதல்ல எரியறதோட சூடே மத்ததையும் எரிச்சிடும். மூடின பாத்திரம்னா வெடிச்சிடும்.”

இரும்பு உளி, இரும்புத் தகடு. அதனால்தான் அப்பா தண்ணீரால் அந்த வாயுவை வெளியேற்றி, பொறி பறக்காத பித்தளை உளியால் வெட்டியிருக்கிறார். நான் எதன்மேல் உட்கார்ந்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. அன்று அப்பா மேல் எனக்கிருந்த கோபமெல்லாம், என் குதிரைச் சவாரியைக் கெடுத்துவிட்டார் என்பதுதான்.