மோட்டார் ரூம் அட்டைகள்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நாற்பது வயது பூர்த்தியாக முப்பத்தெட்டு நாள் பாக்கி. நாற்பது தாண்டினால் ஐந்து புள்ளி குறையும். நிரந்தர வசிப்புரிமைக்கு எழுபது புள்ளி வேண்டும். அவரிடம் சரியாக எழுபதுதான் இருந்தது.

தற்காலிக வேலை அனுமதியில் அவர் இந்த நாட்டுக்கு வந்து நான்கு வருடம். மனைவியும் மகளும் ஊரில். வரும்போது மகளுக்கு ஆறு வயது. லிஃப்டில் கீழ் வரிசை பட்டனுக்கே எக்குவாள். போன வாரம் போனில், "அப்பா, மேல் பட்டன் வரைக்கும் கை போகுது" என்றாள். அன்று ஒரு மாலில் வேலை. அந்த லிஃப்டின் மேல் பட்டன் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்து பார்த்தார்.

அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. புள்ளி வழியில் தேறினால் ஒரு வருடத்துக்குள் குடும்பம் வந்துவிடும். முதலாளி வழியில் கம்பெனி அனுப்பும் சிறு நகரத்தில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். வசிப்புரிமை உறுதி, ஆனால் அதுவரை குடும்பம் வர முடியாது.

"இதுல யோசிக்க என்னண்ணே இருக்கு? புள்ளிதான்" என்றார் அறையில் கூடத் தங்கியிருந்த சமையல்காரர். "உங்க மூஞ்சிய இன்னும் மூணு வருஷம் பாக்க என்னால முடியாது."

விசா ஆலோசகர், ஊரில் வேலை பார்த்த ஒன்பது வருட அனுபவத்துக்குச் சான்று கேட்டார். கடைசி மூன்று வருடத்துக்குக் கடிதம் இருந்தது. முதல் ஆறு வருடம் வேலை பார்த்த சின்ன கம்பெனியை மூடிவிட்டார்கள்.

"நீங்க வேலை செஞ்சதுக்கு வேற தடயம் இருக்குமே சார்?"

இருந்தது. மொட்டை மாடியில் உள்ள லிஃப்ட் மோட்டார் ரூம் ஒவ்வொன்றிலும் ஒரு சர்வீஸ் அட்டை தொங்கும். மாதாமாதம் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அவர் மனைவியிடம் சொன்னார். மனைவி லீவு போட்டு, அவர் முன்பு வேலை பார்த்த நான்கு கட்டடங்களின் மாடி ஏறினார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது.

"ஒரு வாட்ச்மேன் என்னை இன்ஸ்பெக்டர்னு நெனச்சு சேர் எடுத்துப் போட்டாருங்க."

"அட்டை இருந்துச்சா?"

"இருந்துச்சு. எல்லாத்துலயும் உங்க சீனியர் பேருதான் இருக்கு. ஆனா எழுத்து உங்களுது. கடைசிக் கோட்ட அப்படி இழுத்து விடறது நீங்க மட்டும்தான். கொஞ்ச நேரம் அங்கேயே நின்னுட்டேன்."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. லைசென்ஸ் சீனியருடையது, லைசென்ஸ் உள்ளவர்தான் கையெழுத்திடலாம். சீனியர் மாடி ஏற மாட்டார். வேலையை முடித்துவிட்டு அவர் பெயரை இவரே எழுதுவார். அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

"உங்க கையெழுத்துதான்னு நான் சொன்னா நம்ப மாட்டாங்களா?"

"உன்னை அவங்களுக்குத் தெரியாதேம்மா."

சீனியரைக் கூப்பிட்டார். "நீதான் பாத்தேன்னு எழுதிக் குடுத்தா என் லைசென்ஸ் போயிடும் தம்பி. நீ எனக்கு ஹெல்பரா இருந்தேன்னு வேணா எழுதித் தரவா?"

ஹெல்பர் வேலைக்குப் புள்ளி கிடையாது. எழுபது அறுபதாகிவிட்டது.

இரண்டு நாள் அந்தப் புகைப்படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். சீனியரின் பெயர், தன் எழுத்து, பக்கத்தில், படத்தின் ஓரத்தில், அட்டையைப் பிடித்திருந்த மனைவியின் கட்டைவிரல். அட்டையை விட்டுவிட்டு அந்த விரலையே பெரிதாக்கினார்.

மூன்றாம் நாள் கம்பெனி அலுவலகத்துக்குப் போய் முதலாளி வழிக்கான படிவத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். மனைவியிடம் சொன்னபோது அவர், "அங்க குளிர் எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த மாதம் முதல் தேதி, ஒரு சிறு நகர மருத்துவமனையின் ஆறு லிஃப்டுகள் அவர் பொறுப்புக்கு வருகின்றன. அந்த வேலை முடியும்போது மகளுக்குப் பதின்மூன்று வயது.