குழாய் கேக்குது

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆகணும் என்பார்கள். மைக் செட்டுக்கு வாழ்க்கைப்பட்டவன் புளியமரம், பனைமரம், கோயில் மதில், பஞ்சாயத்து போர்டு மாடி எல்லாம் ஏறணும், ஏறின இடத்தில் ஷாக்கும் வாங்கணும். எழுபதுகளின் கடைசியில் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் செட்டு கட்ட ஆரம்பிக்கிறவர்கள், சும்மா ஆசைக்கு வாங்கி வைத்து அக்கம்பக்கத்தின் தூக்கத்தைக் கெடுக்கிறவர்கள், எல்லாருக்கும் பொருள் பார்த்துக் கொடுத்ததும் நான்தான், அது மக்கர் பண்ணும்போது திட்டு வாங்கியதும் நான்தான். ஆம்ப்ளிஃபயரை மல்லாக்கப் போட்டுவிட்டு, ஈயப் புகை மூக்கில் ஏற, "இதுக்குள்ள இன்னாதான் கீது?" என்று தலையில் அடித்துக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்கள் எனக்கு ரத்த சொந்தம். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். மற்றவர்கள் எனக்கு வேப்பிலை அடிக்கச் சொல்வார்கள்.

சின்னக் குரலுக்கு ஒரு மைக்

புதுசாகச் செட்டு வாங்க வருகிறவன் முதலில் கேட்பது, "எவ்ளோ தூரம் கேக்கும்?" என்றுதான். பக்கத்து ஊர் செட்டை அமுக்கணும், அதுதான் அவன் பிறவிப் பயன். பென்னலூர் கன்னியப்பன் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. போல்ட் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன், முப்பது வயசு இருக்கும். ஷிப்ட் முடிந்து எண்ணெய்க் கையோடு வந்து நின்று, "ரொம்ப சின்ன சத்தத்தையும் புடிக்கிற மைக்கு எதுணா?" என்றான். கச்சேரியா, கூத்தா, எதுக்கு என்று சொல்லித் தொலையேன் என்று எரிந்து விழுந்தேன். அப்போதெல்லாம் எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவன் சொன்ன பிறகு அந்த வாயை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முந்தின வருஷம் ஐப்பசி மழையில் அவனுடைய நாலு வயசு மகள் ஏரியில் விழுந்து போய்விட்டாள். புதைத்துவிட்டு வந்த அன்றிலிருந்து அவன் பெண்சாதி அஞ்சலை வாயைத் திறக்கவில்லை. சமைக்கிறாள், பெருக்குகிறாள், கொடுத்தால் சாப்பிடுகிறாள், பேச்சு மட்டும் இல்லை. தொண்டையில் ஒன்றும் கோளாறு இல்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். முன்னெல்லாம் எந்தக் கல்யாணத்தில் பாட்டுத் தட்டு ஓடினாலும் மரத்தில் கட்டின குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே நின்று கூடவே பாடுகிறவளாம். வீட்டிலேயே பாட்டு ஓடினால் ஒருநாள் முணுமுணுக்கவாவது மாட்டாளா என்று அவனுக்கு ஒரு நப்பாசை. முப்பது வாட்ஸ் வால்வு செட்டு, ஒரு ரிக்கார்டு பிளேயர், ரெண்டு குழாய் எடுத்து வைத்து, என் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த மைக்கையே எடுத்துக் கொடுத்தேன். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு சொன்னான்: "அவ ஒரு வார்த்த பேசினா போதும்ணா. அது என் காதுல வுழாம பூடக் கூடாது."

பாடுவதற்கு முன்னால் பாடிய தட்டு

வாலாஜாபாத்தில் பாத்திரக் கடை வைத்திருந்த தாமோதரன் ஆசைக்குச் செட்டு வைத்திருந்த ஜாதி. ஒருநாள் ஒரு தட்டை மட்டும் துண்டில் சுற்றி எடுத்துவந்து, இது பாடுவதற்கு முன்னாலேயே பாடுகிறது என்றார். வெயிலில் வந்திருக்கிறார், மோர் கொடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். முள்ளை ஓரத்தில் வைத்து, சவுண்டை முழுக்கத் திருப்பினேன். வெறும் கரகரப்பு. பிறகு எங்கோ பத்து வீடு தள்ளி ஒரு பெண் பாடுகிற மாதிரி முதல் அடி மெல்லக் கேட்டது. அது முடிந்து ஒரு மூச்சு விடுவதற்குள் அதே அடி, அதே குரலில், பக்கத்தில் வந்து நின்றது.

இது பேயும் இல்லை பிசாசும் இல்லை, தட்டில் கோடுகளை நெருக்கி வெட்டியிருக்கிறார்கள், அடுத்த கோட்டுச் சத்தம் இந்தக் கோட்டில் லேசாகக் கசிகிறது என்று விளக்கினேன். விளக்கிவிட்டு மூன்று தடவை போட்டுக் கேட்டேன், மூன்று தடவையும் என் முழங்கை மயிர் எழுந்து நின்றது. தாமோதரன் தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "அப்ப நாளைக்கு நடக்கப் போறதும் இன்னைக்கே லேசா கேக்கும், நமக்குத்தான் சவுண்டு பத்தல."

எலுமிச்சம்பழ வைத்தியம்

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் இருந்தார். அவர் செட்டில் தட்டு ஓடவில்லை, மைக் சொருகவில்லை, ஆனால் சாயந்தரமானால் குழாயில் ஒரு ஆள் பேசுகிறான். தமிழ் இல்லை, இங்கிலீஷ் இல்லை, யாருக்கும் விளங்காத ஏதோ பாஷை. பூசாரியைக் கூப்பிட்டு ஆம்ப்ளிஃபயர் மேல் எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறார்கள். அது வால்வு சூட்டில் வெந்து வெடித்து, சாறு உள்ளே ஒழுகி, அதற்கப்புறம்தான் நம் ஞாபகம் வந்திருக்கிறது.

திறந்து பார்த்தேன். சாற்றை வழித்துவிட்டு ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிக்கொண்டு வந்ததில், ஈயம் சரியாகப் பிடிக்காமல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு அரைகுறை ஒட்டு இருந்தால் போதும், மாடியில் ஓடுகிற நீள ஒயர் ஏரியல் மாதிரி வேலை செய்து எந்த தேசத்து ரேடியோவையோ இழுத்துக்கொண்டு வந்துவிடும். சூடு வைத்து ஒட்டினேன். பேசிக்கொண்டிருந்தவன் பாதி வார்த்தையில் நின்றான். வாத்தியார் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், அன்று முழுக்க குழாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் கடைக்கு வந்து சொன்னார்: "ஆள் போயிட்டான்னு தெரியுதுப்பா. கடைசியா என்ன சொல்ல வந்தான்னுதான் தெரியல."

மூச்சு

கார்த்திகையில் கன்னியப்பன் ஆம்ப்ளிஃபயரைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தான். இரைச்சல் தாங்கவில்லை, ங்ங் என்று வண்டு மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது என்றான். கண்டென்சர் ஒன்று உப்பியிருந்தது, மாற்றினேன். பாட்டு போட்டியா, பலன் உண்டா என்று கேட்டேன். பாட்டு ஓடும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். மைக்கை அவள் உட்காரும் இடத்துக்கு மேலே உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறான். வளையல் சத்தம் பிடிக்கிறது, துடைப்பச் சத்தம் பிடிக்கிறது.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னான். தினம் உச்சிப்பொழுதுக்கு அவள் ஏரிக்கரைக்குப் போய்விடுகிறாள். பின்னாலேயே போனால் நின்றுவிடுகிறாள், இவன் திரும்புகிற வரை அசைவதில்லை. இன்றைக்குத் திரும்பி வந்தாள், நாளைக்கும் வருவாள் என்று என்ன நிச்சயம்? லேத்தில் நிற்கும்போதெல்லாம் இதே நினைப்பாம், கட்டை விரல் நகம் ஏற்கெனவே போயிருந்தது. நான் செட்டைப் போட்டு, இரைச்சல் நின்றுவிட்டது, இனிமேல் துல்லியமாகக் கேட்கும் என்றேன். வேறு என்ன சொல்வது? அடுத்த வாரம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது அவனே வந்து சொன்னான்: "மூச்சு சுத்தமா கேக்குதுணா. பேச்சுதான் வரல."

கேக்குது

தையில் கடைசி வெள்ளி பென்னலூரில் அம்மனுக்குப் பொங்கல். செட்டு உன்னிடம்தான் இருக்கிறதே, நீயே கட்டு என்று ஊரில் கன்னியப்பன் தலையில் கட்டிவிட்டார்கள். கோயில் வேப்பமரத்தில் ஒரு குழாய், கரகம் ஏரியிலிருந்து கிளம்பும் என்பதால் ஏரிக்கரைப் பனைமரத்தில் ஒரு குழாய், கோயிலை ஒட்டின அவன் வீட்டில் ஆம்ப்ளிஃபயர். எல்லா ஒயரையும் அவனே இழுத்திருக்கிறான். புதன்கிழமை சாயந்தரம் கடைக்கு வந்தவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏரிக்கரை குழா கேக்குதுணா" என்றான். கேட்டால் சந்தோஷம்தானே, அதுக்கு ஏன் இப்படிப் பேயறைந்த மாதிரி நிற்கிறாய் என்றேன். நம் தொழிலில் நாளெல்லாம் கத்துகிற வார்த்தையே அதுதான்: செட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவன் "கேக்குதா?" என்பான், மரத்தில் இருக்கிறவன் "கேக்குது" என்பான். கன்னியப்பன் தலையை ஆட்டினான். "சவுண்டு கேக்குதுன்னு சொல்லலணா. குழா கேக்குது. காது மாரி."

மத்தியானம் டெஸ்ட் பண்ண மைக்கில் பேசியிருக்கிறான், ஒன்றும் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கோயில் குழாயில் காற்றுச் சத்தம் வந்திருக்கிறது, தண்ணீர் அலம்புகிற சத்தம் வந்திருக்கிறது, அப்புறம் ஒரு பொம்பளை பேசியிருக்கிறாள். சட்டென்று அணைத்துவிட்டு வெளியே ஓடி வந்துவிட்டான். யார் குரல் என்று கேட்டேன். சொன்னான்: "அஞ்சல கொரலு மாரி இருந்திச்சி. ஆனா அவ பேச மாட்டாளே. அப்ப பேசினது யாரு?"

ஏரிக்கரைப் பனைமரம்

மறுநாள் பதினொன்றரைக்கெல்லாம் பென்னலூரில் இருந்தேன். கோளாறு கண்டுபிடிக்க ரெண்டு நிமிஷம் ஆகவில்லை. மைக்குக்கும் குழாய்க்கும் ஒரே ரக மஞ்சள் ஒயரை இழுத்து, நுனியை மாற்றிச் சொருகியிருந்தான்: ஏரிக்கரைக் குழாய் மைக் ஓட்டையில், மைக் ஒயர் ஸ்பீக்கர் முனையில். குழாய்க்குள் இருப்பதும் காந்தம், சுருள், ஒரு தகடு. மைக்குக்குள் இருப்பதும் அதேதான். மாற்றிச் சொருகினால் வாய் காதாகிவிடும். இதைப் பெரிய மேதாவி மாதிரி விளக்கிவிட்டு ஒயரைப் பிடுங்கப் போனேன். கன்னியப்பன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "அத புடுங்காதணா. பன்னெண்டு ஆவட்டும்."

அஞ்சலை சற்று முன்புதான் வெளியே போயிருந்தாள். கோயில் குழாயைக் கழற்றிவிட்டு, ஊருக்குக் கேட்காமல் இருக்க ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டினேன். ரெண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கேட்டோம். காற்று. ஓலை உரசல். வளையல் சத்தம். பிறகு, நம் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி, "பாப்பா... சாப்ட்டியா?"

பதினைந்து மாசமாக அந்த வீட்டில் கேட்காத குரல். கன்னியப்பன் வாயைப் பொத்திக்கொண்டான். எனக்குப் பயம் வந்தது அந்தக் குரலால் இல்லை. கேட்டுவிட்டு அவள் காத்திருந்ததால். பதில் வருகிற அளவுக்குக் காத்திருந்தாள், பிறகு "ம், சரி" என்றாள். "அங்க குளிருதா?" என்றாள். அந்த இடைவெளியில் தண்ணீரில் 'ப்ளுக்' என்று ஒரு சத்தம். மீன் என்று அப்போதே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், இப்போதும் மீன் என்றுதான் சொல்வேன்.

"நாளைக்கு திருநா. ஊரே கரைக்கு வந்துடும்" என்றது குரல். "இன்னைக்கே வந்துடட்டா?" இந்தத் தடவை இடைவெளி ரொம்ப நீளம். அப்புறம் சிரிக்கிற மாதிரி, "தோ, வரேன்." வளையல் சத்தம் தள்ளிப் போனது. தண்ணீரில் கால் வைக்கிற சத்தம் வந்தது, ஒன்று, இன்னொன்று.

கன்னியப்பன் எழுந்து ஓடப் போனான். அரை மைல், ஓடினால் ஆகாது. அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். சின்ன ஸ்பீக்கரைப் பிய்த்து எறிந்தேன், ஏரி ஒயரை மைக் ஓட்டையிலிருந்து பிடுங்கி ஸ்பீக்கர் முனையில் முறுக்கினேன், மைக் ஒயரைப் பல்லால் சீவிச் சொருகினேன். என் ஆயுசில் அவ்வளவு வேகமாக வேலை பார்த்ததில்லை. மைக்கை அவன் வாயில் இடித்து, பேசுடா என்றேன். வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். "அஞ்சல! சோறு ஆறுது! வூட்டுக்கு வா!" என்று கத்தினான். ஏரிப் பக்கமிருந்து அவன் குரலே பூதாகரமாகத் திரும்பி வந்தது.

இதில் ஒரு கஷ்டம் உண்டு. குழாய் பேசும்போது கேட்காது. கேட்கிறபடி மாற்றினால் பேசாது. அவள் நின்றாளா, போய்விட்டாளா, தெரிந்துகொள்ள வழியே இல்லை. நிறுத்தாமல் பேசு என்று சொல்லிவிட்டு நான் ஓடினேன். கொழம்பு வச்சது, ஷிப்டு மாறினது, வேப்பமரத்துல குழாய் கட்டினது என்று வாயில் வந்ததெல்லாம் என் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. பாதி வழியில் அவள் எதிரே வந்தாள். புடவை இடுப்பு வரை நனைந்திருந்தது. என்னைப் பார்க்கவே இல்லை. பின்னாலேயே வந்தேன். அவளுடைய ஈரக் கால்தடத்தை மிதிக்கக் கூடாது என்று ஏனோ ஓரமாகவே நடந்தேன்.

வீட்டில் கன்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டு இன்னமும் பேசிக்கொண்டிருந்தான். அவள் போய் அவன் கையிலிருந்த மைக்கை இறக்கினாள். மைக் இன்னும் உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரியாது; அவள் மெல்லச் சொன்னதை அதே நேரத்தில் ஏரிக்கரைக் குழாயும் தண்ணீரைப் பார்த்துச் சொன்னது: "இவ்ளோ சத்தமாவா கூப்புடுவாங்க? புள்ள முழிச்சிக்கிச்சி."

செட்டு வாங்கப் போகிற என் சொந்தங்களே, வாட்ஸ் எத்தனை என்று அப்புறம் பாருங்கள், எந்த ஒயர் எந்த ஓட்டையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள், அது தப்பான ஓட்டையில் இருந்தால் பிடுங்குவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுப் பிடுங்குங்கள்.