கப்பலுக்குத் திரும்ப வேண்டியவர்கள்

சுற்றுலாக் கப்பல் வரும் நாட்களில் விர்னா டாரூவிடம் யாரும் வேடிக்கையாகப் பேசமுடியாது. எங்கள் தீவின் துறைமுக ஊரான ரோசோவின் கடற்கரைச் சாலையில் அவள் வேன் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் நான் குடை விரித்துத் தேங்காய் மிட்டாய் விற்கிறேன். அவள் பாதி நேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள், மீதி நேரம் கைக்கடிகாரத்தை.

கப்பலிலிருந்து இறங்கி ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு இரண்டு வழி உண்டு. கப்பல்காரர்களின் பேருந்தில் கூட்டத்தோடு போகலாம். எவ்வளவு தாமதமானாலும் கப்பல் அவர்களுக்காக நிற்கும். எங்கள் ஊர் வேன்களில் மனம்போல் சுற்றலாம். தாமதமானால் கப்பல் போய்விடும். இந்த இரண்டாவது விஷயத்தை விர்னாவைத் தவிர யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

"வர்றவங்கள நீயே வெரட்டிவிடுறியே விர்னா, வேன் எதுக்கு வச்சிருக்கே?" என்பான் பக்கத்து வேன் ஆல்வின்.

"கூட்டிட்டுப் போனா போதுமாடா? திருப்பிக் கொண்டாந்து விடவேணாமா?"

போன பருவத்தில் ஒருநாள் ஒடெட் என்ற கனடாக்கார அம்மாள் வந்தாள். பிரெஞ்சு பேசுகிறவள், பிரெஞ்சு கலந்த எங்கள் கிரியோல் பேச்சு அவளுக்குப் பாதி புரிந்தது. கணவர் ஜில்பேர் திமிங்கலம் பார்க்கும் படகுக்குச் சீட்டு எடுத்திருந்தார். இவளுக்கோ அருவிதான் வேண்டும். முழங்கால் சரியில்லை என்று கப்பல் பேருந்தில் சேர்க்கவில்லை.

"என்கூடப் படகுல வந்து உக்காரேன், ஒடெட்" என்று அவர் கெஞ்சினார்.

"கப்பல்ல ஏறினதுலேருந்து கடலத்தானே பாக்குறேன்? போங்க, நீங்க திமிங்கலத்தப் பாத்துட்டு வாங்க."

விர்னா மலையைக் காட்டி, "மேல இருட்டிட்டு வருதும்மா, இன்னிக்கு வேணாமே" என்றாள். அந்த அம்மாள் வேனில் ஏறி உட்கார்ந்து கதவையும் சாத்திக்கொண்டாள். விர்னா வேனை எடுத்தாள்.

மதியத்துக்குமேல் மழை கொட்டியது. ஜில்பேர் படகிலிருந்து திரும்பிக் கப்பலுக்குள் போனவர், கொஞ்ச நேரத்தில் ஒரு பையோடு இறங்கி ஓடிவந்தார்.

"அந்த வேன் வந்துச்சா?"

"வந்துரும் ஐயா" என்றேன். சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை. விர்னாவின் போனுக்கு அடித்துப் பார்த்தேன், மணியே போகவில்லை. ஆல்வின் தன் வேனை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போனான்.

கப்பல் ஒருமுறை ஊதியது. மாலுமி ஒருவன் ஜில்பேரின் முழங்கையைப் பிடித்து, "ஏறுங்க சார், இல்லன்னா இங்கயே இருந்துக்குங்க" என்றான். அவர் பையைத் திறந்து பார்த்தார். இரண்டு பேர் பாஸ்போர்ட்டும் அவளுடைய மாத்திரைகளும் இருந்தன. ஏறும் பலகையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். கயிறுகளை அவிழ்த்தார்கள். அவர் அசையவில்லை.

கப்பல் விலகிப்போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆல்வினின் வேன் வந்தது. மலைச்சாலையில் மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. விர்னா தன் வேனை அந்தப் பக்கமே விட்டுவிட்டு, சாலையில் மாட்டிக்கொண்டிருந்த நாலு பேரைப் பிடித்து, ஒடெட்டைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துச் சேற்றைத் தாண்டத் தூக்கிவந்திருந்தாள். இரண்டு பெண்கள்மேலும் சேறு அப்பியிருந்தது.

ஜில்பேர் விர்னாவிடம் பாய்ந்தார். "மழை வரும்னு தெரிஞ்சும் எதுக்குக் கூட்டிட்டுப் போனே? செத்துட்டாளோன்னு நெனச்சேன்!"

விர்னா தலை குனிந்து நின்றாள்.

"அவங்களத் திட்டாதீங்க. வேணாம்னுதான் சொன்னாங்க, நான்தான் அடம்புடிச்சேன்" என்றாள் ஒடெட்.

அவர் பையைக் கட்டிப்பிடித்தபடி தரையில் உட்கார்ந்து அழுதார்.

அன்று இருவரும் விர்னாவின் வீட்டில் தங்கினார்கள். மறுநாள் படகில் பக்கத்துத் தீவான மார்த்தினிக்குக்குப் போனால் அங்கே கப்பலைப் பிடித்துவிடலாம். அந்தப் படகு தாமதமாகக் கிளம்பியது. அதன்பிறகு விர்னா என் குடைக்கடியில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யார் பேசினாலும் கை காட்டி அடக்கினாள். போன் அடித்ததும் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏறிட்டோம்" என்றார் ஜில்பேர். "நேத்து ரொம்பக் கத்திட்டேன். மனசுல வச்சுக்காதீங்க." பின்னாலிருந்து ஒடெட், "அருவி நல்லாருந்துச்சுன்னு சொல்லுங்க!" என்றாள்.

விர்னா இப்போதும் வேன் ஓட்டுகிறாள். மேகம் இறங்கினால் மட்டும் மலைக்கு ஏறுவதில்லை. சென்ற வாரம் இரண்டு பெண்கள் அருவிக்குக் கேட்டார்கள். முடியாது என்றாள். அவர்கள் சிரித்துவிட்டு ஆல்வினின் வேனில் ஏறிப்போனார்கள். அன்று ஒரு தூறல்கூட விழவில்லை.

"விர்னா, மேல வெயில் கொளுத்துது!" என்று திரும்பிவந்த ஆல்வின் கத்தினான். அந்தப் பெண்கள் இருவரும் கப்பல் வாசலுக்குள் நுழையும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.