பாலில் இல்லாத துண்டு

எங்கள் ஆய்வகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். வைத்தவள் நான்தான். அவளைச் சொந்தப் பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டால் ஆய்வகத் தலைவி மேடம் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

பாலில் இருக்கும் புரதம் ஒரு நீண்ட மணிக்கோவை. தயிராகும்போதும் சீஸாகும்போதும் அது துண்டு துண்டாக அறுபடும். அந்தத் துண்டுகளைப் பெப்டைடு என்கிறோம். அவற்றில் ஒன்றிரண்டுக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு. எது என்று கண்டுபிடிப்பதுதான் தலைவலி. கண்ணாடித் தட்டில் கிருமி வளர்ப்பது என் வேலை. எல்லாத் துண்டுகளையும் நான் தட்டில் சோதிக்க ஆரம்பித்தால் என் பேரப்பிள்ளைகளும் அதே நாற்காலியில்தான் உட்கார வேண்டும். அதனால் சல்லடை கம்ப்யூட்டரிலேயே புரதத்தை வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் மார்க் போட்டு, தேறியதை மட்டும் என்னிடம் தருவாள். அந்தத் துண்டைச் செயற்கையாகச் செய்து வாங்கி, கிருமி மேல் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்ப்பேன்.

அவள் படித்தது கணிதம். பால் வாசனையே ஆகாது. சீஸ் அறையைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். "எனக்குப் பாலுன்னா வெறும் எழுத்துதான். எழுத்து நாறாது" என்பாள். புரதத்தின் மணிகளைக் கம்ப்யூட்டரில் எழுத்துகளாகத்தான் வைத்திருக்கிறோம். அவள் நாளெல்லாம் பார்ப்பது அதை மட்டும்தான்.

அவள் கணவர் பஸ் ஓட்டுநர். பஸ்ஸைவிட வாய் வேகம். சர்க்கரை நோய்க்காரர். புதுச் செருப்பு கடித்து வலது கால் பெருவிரலில் புண் வந்தது. எந்த மருந்துக்கும் அந்தக் கிருமி மசியவில்லை. விரலை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். இவர் பிடிகொடுக்கவில்லை.

"பிரேக் மிதிக்கிற விரல் டாக்டர். அது போச்சுன்னா பஸ்ஸும் போச்சு. என் பொண்டாட்டி கிருமிக்கு மருந்து தேடிட்டு இருக்கா. கொஞ்சம் பொறுங்க."

இந்த நேரத்தில்தான் முதல் மார்க் வாங்கிய துண்டு வந்தது. ஆட்டுப்பால் புரதத்தில் கிடைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அவருடைய புண்ணின் கிருமியையே தட்டில் வளர்த்து, அதன் மேல் விட்டேன். மறுநாள் சொட்டு விழுந்த இடத்தைச் சுற்றிப் பெரிய வளையம். உள்ளே ஒரு கிருமி உயிரோடு இல்லை. சல்லடை என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

மேடம் சும்மா இருப்பாரா? எங்கள் பண்ணையின் ஆட்டுப்பால் சீஸ் வடித்த நீரில் துணியை நனைத்து, ஆறாத கால் புண்களில் கட்டிப் பார்க்கலாம் என்று ஆஸ்பத்திரியிடம் பேசினார். அந்த நீரையும் தட்டில் விட்டுப் பார்த்தேன், சின்ன வளையம் வந்தது. சாப்பிடும் பொருள்தானே, அனுமதி சுலபம். பட்டியலில் முதல் நோயாளி சல்லடையின் கணவர். விரல் கறுத்துக்கொண்டே வந்தது. அவரோ கட்டுப் போடும் நாளுக்காகக் காத்திருந்தார்.

அனுமதிக் கூட்டம் நடக்க இருந்த காலையில், அந்தத் துண்டு புரதத்தில் எங்கே இருக்கிறது என்று ஒரு படம் கேட்டார் மேடம். சல்லடை கோவையை வரைந்து துண்டுக்குச் சிவப்பு அடித்தாள். சிவப்பு போய் விழுந்தது கோவையின் முன்நுனியில். அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

மடியில் புரதம் உருவாகும்போது அதன் முன்னால் ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருக்கும், பார்சலில் ஒட்டிய விலாசம் மாதிரி. பாலுக்குப் போகவேண்டிய சரக்கு இது என்று வழி காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. பாலில் இறங்கும் முன்பே அறுந்துவிடும். கம்ப்யூட்டரில் சேமித்த எழுத்தில் மட்டும் அது அப்படியே இருக்கும். அதை நீக்கிவிட்டுத்தான் வெட்ட ஆரம்பிக்க வேண்டும். பசும்பாலுக்கு நீக்கியிருந்தாள். கடைசி நேரத்தில் மேடம் சேர்க்கச் சொன்ன ஆட்டுப்பாலுக்கு விட்டுப்போயிருந்தது.

தட்டுகளை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குக் கிளம்பிய என்னை நடையில் மறித்தாள்.

"இந்தத் துண்டு பால்லயே இல்லடி."

"என்ன உளர்ற? வளையத்தைப் பாரு!"

"கொல்லுது, இல்லேன்னு சொல்லல. ஆனா மடியிலயே அறுந்து போயிடுது. பாலுக்கு வர்றதே இல்ல. என் கம்ப்யூட்டர்லதான் இருக்கு."

"சீஸ் தண்ணியும் கொன்னுச்சே?"

"அந்த வளையம் சின்னதா இருந்துச்சு. துண்டு கம்மியா இருக்கும்னு நாமளே சொல்லிக்கிட்டோம். புளிப்புக்கே அவ்வளவு வளையம் வரும்."

உள்ளே எல்லாரும் வந்துவிட்டார்கள்.

"கூட்டம் முடியட்டும். அப்புறம் மேடம்கிட்ட தனியா சொல்லிக்கலாம்" என்றேன்.

"அதுக்குள்ள கையெழுத்தாயிடும். அவரு இன்னும் காத்திட்டிருப்பாரு" என்றவள் போனை எடுத்தாள். அவர் குரல் எனக்கே கேட்டது.

"சொல்லு. டிப்போல ராஜா மாதிரி கால நீட்டி உக்காந்திருக்கேன்."

"இப்பவே எதிர்ல இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க. விரலை எடுத்துடச் சொல்லுங்க."



"உன் துண்டு என்னாச்சு?"

"என் கணக்கு தப்புங்க. அந்தத் தண்ணியில அது கிடையாது. காத்திருக்காதீங்க."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன்."

போன் துண்டிக்கப்பட்டது. போவாரா, கோபத்தில் அங்கேயே உட்கார்ந்திருப்பாரா, தெரியாது. அவள் திரும்பக் கூப்பிடவில்லை. கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

திரையில் முதல் படம் ஓடிக்கொண்டிருந்தது.

"மேடம், நிறுத்துங்க. அந்தத் துண்டு பால்ல இல்ல. தப்பு என்னோடது."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மழுப்பவில்லை. மேடத்தின் முகம் செத்துவிட்டது. பண்ணை மேனேஜர் மட்டும் விடவில்லை.

"அப்போ செஞ்சு வாங்கின துண்டையே நேரா புண்ணுல போட்டா என்ன?"

"அது புது மருந்து சார்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "எலியிலேர்ந்து ஆரம்பிக்கணும். வருஷக்கணக்காகும்." பிறகு பட்டியலைப் பார்த்தார். "முதல் பேரு உங்க வீட்டுக்காரர்தானேம்மா?"

தலையாட்டினாள். டாக்டர் வார்டுக்குப் போன் போட்டார். அவர் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் என் கையிலிருந்த தட்டுகளைக் கீழே வைத்துவிட்டேன்.

"வந்து படுத்துட்டாராம்" என்றார் டாக்டர். "இத்தனை நாளா முரண்டு பிடிச்சவரு இன்னைக்கு எப்படி வந்தீங்கன்னு நர்ஸ் கேட்டிருக்காங்க. தன் கணக்கு தப்புன்னு அவளே சொல்றா, அவள நம்பாம யார நம்பறதுன்னாராம்."

சல்லடை அங்கே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

விரல் போனது. எலும்பு வரைக்கும் அழுகல் இறங்கியிருந்ததாம். இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் பாதமே போயிருக்கும். சாயங்காலம் நானும் அவளோடு போனேன். கட்டுப் போட்ட காலைப் பார்த்ததும் அதுவரை அடக்கியதெல்லாம் உடைந்தது.

"ஆட்டு மடியிலயே அறுந்து போற துண்டுதாங்க. ஆனா தட்டுல செத்துச்சுங்க. உங்க புண்ணுக் கிருமிதான். என் கண்ணு முன்னாடி செத்துச்சு. எலியிலேர்ந்து ஆரம்பிக்கணுமாம், வருஷக்கணக்காகுமாம்."

அவர் முகம் வலியில் சுருங்கியிருந்தது. வாய் மட்டும் அடங்கவில்லை.

"செத்துச்சுல்ல? ஆடே வேணாம்னு அறுத்துப் போட்டத நீ பொறுக்கி எடுத்திருக்க. அழாத. போய் எலியைப் பிடி. எனக்கு இன்னும் ஒம்போது விரல் இருக்கு."

அவள் அழுகையோடு சிரித்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். போர்வைக்குள் அந்த வலது கால் மெல்ல முன்னால் அழுந்தியது, அங்கே பிரேக் இருப்பது போல.